ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம். முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, "இது அனுப்புவதற்கு அல்ல" என்று எழுதியிருக்கிறாய். அனுப்புவதற்கு அல்லாத கடிதத்துக்கு என் முகவரியை முத்து முத்தாக எழுதி, வலது மூலையில் தபால்தலையும் ஒட்டியிருக்கிறாய். இருபத்திரண்டு வருடமாகத் தபால் பிரிக்கிறவன் நீ. எது போகும், எது போகாது என்று உனக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது கதவுக்கு அடியில் கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். 'அன்புள்ள' இல்லை. 'அக்கா'வும் இல்லை. எடுத்த எடுப்பில் 'நீ'. 'நீ என்னை ஆறு வயதில் உள்ளே விட்டு வெளியே பூட்டினாய். நீ நடந்து போகும் செருப்புச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. என் மகளுக்கு நான் செய்ததை உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன்.' இப்படியே போகிறது. என்னைப் பற்றி இவ்வளவு எழுத இருக்கிறது என்று எனக்கே தெரியாது. போன வருடம் என் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தபோது நீ எழுதிய கடிதம் ஆறு வரி.

நீ கவுன்சிலிங் போவது தெரியும். உன் மனைவி சொன்னாள். பிள்ளையைக் குளியலறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாய். அவள் பிள்ளையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ மாறினால்தான் திரும்புவேன் என்றாள். நியாயமான பேச்சு. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் உன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போயிருப்பேன். போய்த் திருந்தி வரட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். வியாழக்கிழமை தோறும் நீ அந்த அறையில் உட்கார்ந்து என்னைத் துவைத்துப் பிழிவாய் என்று நினைக்கவில்லை. துவைப்பது என் வேலை.

ஒரு விஷயம் மட்டும் சொல். மே மாதத்தோடு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எனக்கு நாற்பது வருடம் முடிகிறது. ஓய்வு. "பின்னறை சும்மாதானே கிடக்குது, வந்துடு அக்கா" என்று கூப்பிட்டவன் நீ. அதை நம்பி, அறையைக் காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது நான் வருவதா, வேண்டாமா?

போனில் கூப்பிடாதே. எடுக்க மாட்டேன். போனில் நீ மூக்கை உறிஞ்சினால் நான் இளகிவிடுவேன். கடிதத்தில் ஆரம்பித்தாய், கடிதத்திலேயே பேசுவோம்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

பதினான்கு முறை கூப்பிட்டேன். எடுக்க மாட்டேன் என்றால் எடுக்க மாட்டாய், தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அது ஒரு பயிற்சி. மனதில் இருப்பதை யாரிடம் சொல்ல முடியவில்லையோ அவர்களுக்குக் கடிதமாக எழுத வேண்டும், ஆனால் அனுப்பக் கூடாது. ஆலோசகர் சொன்னது இதுதான்: "எழுதுங்க, கவர்ல போட்டு மூடுங்க. அடுத்த வாரம் இங்க கொண்டு வாங்க, சேர்ந்து படிக்கலாம்." கவர் என்று அவர் சொன்னதுதான் வினை. மற்றவர்களுக்கு அது ஒரு காகித உறை. எனக்கு வெறும் கவர் என்று ஒன்று கிடையாது. கவரைக் கையில் எடுத்ததும் முகவரி எழுதிவிட்டேன், முகவரி எழுதியதும் தபால்தலை ஒட்டிவிட்டேன். சிவப்பு மைக்குக்கூட ஒரு காரணமும் இல்லை. அலுவலகப் பேனாதான் கைக்குக் கிடைத்தது.

புதன்கிழமை அதை வேலை மேசையின் ஓரத்தில் வைத்திருந்தேன். மதியப் பை கட்டும் நேரம். ஊருக்கு ஒரு கட்டமாக என் எதிரே அலமாரியில் ஐம்பது கட்டம் இருக்கிறது. நான் முகவரியைப் படிப்பதில்லை அக்கா, கண் பார்க்கும், கை எறியும். உன் ஊர்க் கட்டம் மூன்றாவது வரிசையில் நான்காவது. வியாழக்கிழமை காலை தேடும்போதுதான் உறைத்தது. ஓடினேன். பை போய்விட்டது. போகாவிட்டாலும் எடுக்க முடியாது. கட்டத்தில் விழுந்த தபால் எழுதியவனுடையது இல்லை, பெறுகிறவருடையது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆலோசகரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கை தவறிப் போட்டீங்களா, தவறாம போட்டீங்களா?" என்று கேட்டார்.

உன்னைப் புண்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் எழுதியது எதுவும் பொய் இல்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நான் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே போய்விடுவேன். நீ எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். நடந்தது நடந்தது என்று ஒரே ஒரு வரி. இத்தனை வருடத்தில் நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பின்னறை உனக்குத்தான்.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

ஒரு வரி கேட்டாய். இதோ: ஆமாம், பூட்டினேன். போதுமா? கண்ணாடிச் சட்டம் போட்டு உன் ஆலோசகர் அம்மா அறையில் மாட்டச் சொல்.

இனி என் வரிகள். நம் அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு, உனக்கு ஆறு. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போயாகிவிட்டது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை எனக்குச் சலவைப் பிரிவு. வருடத்தின் நடுவில் சேர்க்க மாட்டோம் என்றது பள்ளிக்கூடம். எதிர்வீட்டு அம்மாள் ஒரு வாரம் உன்னைப் பார்த்துக்கொண்டாள். எட்டாம் நாள், "என் பிள்ளைங்களையே என்னால மேய்க்க முடியல" என்று கையோடு கூட்டிவந்து விட்டுவிட்டாள். வாசலைத் தாண்டினால் லாரி போகும் தெரு. நீயோ ஒரு நாய்க்குட்டி பின்னால் போய் இரண்டு முறை தொலைந்தவன். பூட்டாமல் உன்னை இடுப்பில் கட்டிக்கொண்டா துவைப்பேன்?

தண்ணீர் வைத்தேன், ரொட்டி வைத்தேன், சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். "ஆயிரம் வரைக்கும் எண்ணு, அக்கா வந்துடுவேன்" என்பேன். ஆயிரத்தில் நான் வர மாட்டேன் என்று உனக்கு மூன்றாம் நாளே தெரியும். தெரிந்தும் எண்ணுவாய், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. தெருவில் உனக்கு 'ஆயிரம்' என்றே பெயர் விழுந்தது. அதில் உனக்குப் பெருமை வேறு.

என் கை அப்போது எப்படி இருந்தது என்று அந்த அம்மாவிடம் சொன்னாயா? சலவைச் சோடாத் தண்ணீரில் விரலெல்லாம் வெடித்திருக்கும். ரொட்டியைப் பிய்த்து உனக்கு ஊட்டும்போது எரிச்சலில் கண்ணில் நீர் முட்டும். நீ சுவரிடம் "அக்கா அழுவுது" என்று கோள் சொல்வாய். இதெல்லாம் நான்கு பக்கத்தில் எங்கே இருக்கிறது?

வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்த அறையில் என்னைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. எனக்காகப் பேச அங்கே ஆள் இல்லை. திருடனுக்குக்கூட ஒரு வக்கீல் வைக்கிறார்கள். நீ மாற வேண்டும், சரி, மாறு. நீ நல்லவனாவதற்கு நான் கெட்டவளாக வேண்டுமா?

அக்கா


மார்ச் 3

அக்கா,

வக்கீல் இல்லை என்றாய். முதல் ஆறு வாரம் நான்தான் உன் வக்கீல். உன் கையைப் பற்றிச் சொன்னேன். சோடாவைப் பற்றிச் சொன்னேன். "பாவம், ஞாயித்துக்கிழமைகூட அவங்களுக்கு லீவு கிடையாது" என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நீ சீக்கிரம் வந்துவிடுவாய். மற்ற நாளில் நடுவில் தூங்கிவிடுவேன், எண்ணிக்கை போய்விடும். ஞாயிறு மட்டும் ஏழாயிரம்தான். அன்றைக்கு அரை நாள் வேலை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

என் மகள் விஷயம் உனக்கு முழுதாகத் தெரியாது. அவள் என் அலுவலக அடையாள அட்டையை ஒளித்துவைத்து விளையாடினாள். எனக்கு நேரமாகிவிட்டது. "குடுடி" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். தூக்கிக் குளியலறையில் விட்டு வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். முதலில் அழுதாள். பிறகு சத்தம் இல்லை. பிறகு உள்ளிருந்து, "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு" என்று கேட்டது. பயம் வந்தால் எண்ணச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்களாம். எனக்கு அது தெரியாது. கேட்ட மாத்திரத்தில் என் கை வேலை செய்யவில்லை. தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் அங்கேயே நின்றேன். மாடியிலிருந்து மனைவி ஓடிவந்து திறந்தாள். எட்டு வயதுப் பிள்ளை என்னைத் தாண்டிப் போனபோது சுவரோடு ஒட்டிக்கொண்டு போனாள். நான் கவுன்சிலிங் போவது அதற்காகத்தான். உன்னைக் கூண்டில் ஏற்ற அல்ல.

என் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் எழுதிய நல்ல நாளைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. திட்டியதெல்லாம் உனக்குக் கேட்டது, அது மட்டும் கேட்கவில்லையா?

எனக்கு லிஃப்டில் மூச்சு முட்டும். கதவு சாத்திய அறையில் முட்டும். அப்போது மனதுக்குள் போய் நிற்க ஒரு நல்ல நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் ஆலோசகர். நான் யோசிக்கவே இல்லை. நீல விசில் கொண்டுவந்த நாள் என்றேன். அன்று ஞாயிறு. நீ வரவே இல்லை. ஜன்னல் மங்கிவிட்டது. பிறகு பூட்டுத் திறக்கும் சத்தம். நீ செருப்போடு உள்ளே ஓடிவந்து என்னைத் தூக்கி, என் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, "உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா" என்றாய். பையில் நீல விசில் இருந்தது. என்னை ஒருவர் அவ்வளவு ஆசையாகத் தூக்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூச்சு முட்டும் போதெல்லாம் நான் அந்த நாளுக்குள் போய் நின்றுகொள்கிறேன். இப்போது லிஃப்டில் ஐந்து மாடி தனியாக ஏறுகிறேன்.

மே மாதம் வா. பின்னறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மனைவியும் மகளும் இந்த மாதக் கடைசியில் வருகிறார்கள். எந்தக் கதவுக்கும் வெளியே தாழ்ப்பாள் இருக்கக் கூடாது என்றாள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

ஆனால் அக்கா, "பூட்டினேன், போதுமா" என்பது நான் கேட்ட வரி இல்லை. அது கதவைச் சாத்துகிற பேச்சு. உள்ளதை உள்ளபடி சொல். எதுவானாலும் தாங்குவேன். அதற்குத்தானே அங்கே போகிறேன்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஞாயிறு ஆஸ்பத்திரியில் பாய்லர் ஓடாது. அன்றும் ஓடவில்லை, இன்றும் ஓடுவதில்லை. அரை நாளும் இல்லை, கால் நாளும் இல்லை.

உன்னைப் பூட்டிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போவேன். நடைமேடையின் கடைசி பெஞ்சு. யாரையும் பார்க்கப் போகவில்லை. அப்படி ஒருவன் இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை இருந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பேன். அங்கே யாரும் என்னை அக்கா என்று கூப்பிட மாட்டார்கள், தண்ணீர் கேட்க மாட்டார்கள், என் முந்தானையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். உன் கணக்கில் அது ஏழாயிரம். என் கணக்கில் ஒரு டீ, நான்கு ரயில். வாரத்தில் ஆறு நாள் பூட்டியதற்கு யார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்வேன். ஏழாம் நாளை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி விசில். அன்று நான் டிக்கெட் எடுத்தேன். அந்த ரயில் எந்த ஊர் வரை போகுமோ அந்த ஊருக்கு. பையில் நான்கு துணி. பூட்டுச் சாவியை எதிர்வீட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனேன். சாவியைப் பார்த்தால் அவளுக்குப் புரியும், உன்னை யாரிடமாவது சேர்த்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் அன்று குடும்பத்தோடு எங்கோ போயிருந்தாள். அது எனக்குத் தெரியாது. சாயங்காலம் நான் வந்தபோது சாவி வைத்த இடத்திலேயே இருந்தது.

நான்காவது நிலையத்தில் இறங்கினேன். உன் முகம் கண்ணில் வந்து இறங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. டிக்கெட் பார்ப்பவர் வந்து, "எங்கம்மா போற, தனியாவா?" என்று கேட்டார். அதிகாரமாகக்கூடக் கேட்கவில்லை. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இறங்கிவிட்டேன். திரும்பும் ரயிலுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடைமேடையில் ஒருவன் விசில் விற்றான்.

"உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா" என்று சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. சொல்லும்போது அந்தப் பை என் தோளில்தான் இருந்தது. நீ என் நான்கு துணியை விலக்கிவிட்டு விசிலை எடுத்தாய்.

நான்காம் பக்கம் ஏன் கேட்கவில்லை என்றாய். முதல் மூன்று பக்கம் நீ திட்டியதை நான் தாங்கினேன். அதற்குப் பதில் எழுதத் தெரிந்தது. அந்த ஒரு பக்கத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். தப்பில்லாத நாளுக்கெல்லாம் என்னைத் திட்டுகிறாய், நான் உன்னை விட்டுப் போன நாளுக்கு என்னைக் கொண்டாடுகிறாய்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நாற்பது வருடம் சொல்லாமல் இருந்தவள்தானே. ஆனால் நீ அந்த நாளுக்குள் போய் நின்று மூச்சு வாங்குகிறேன் என்று எழுதிய பிறகு, உன் பின்னறையில் நான் எந்த முகத்தோடு உட்காருவேன்? தினமும் காலையில் என்னைப் பார்ப்பாய், விசிலை நினைப்பாய், நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். என்னால் முடியாது. உன் நன்மைக்காகச் சொன்னேன் என்று காதில் பூ சுற்ற மாட்டேன். எனக்குச் சுமக்க முடியவில்லை, இறக்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அன்று எத்தனை ஆயிரம் எண்ணினாய்?

அக்கா


மார்ச் 27

அக்கா,

பத்தொன்பது. ஆயிரத்துக்கு ஒரு கோடாகச் சிலேட்டில் போட்டேன். அதற்கு மேல் சிலேட்டில் இடம் இல்லை.

உன் கடிதத்தை நேற்று எடுத்துக்கொண்டு போனேன். ஆலோசகர் படித்துவிட்டு, அதை மடித்து என்னிடமே கொடுத்தார். "வேற ஒரு நாள் தேடிப் பார்க்கலாமா?" என்றார். மீதி நேரம் முழுவதும் தேடினோம். கிடைத்த ஒவ்வொரு நாளிலும் நீ இருக்கிறாய். நீ சிரிக்கிற நாளாக இருந்தால், அன்று என்ன கிழமை என்று யோசிக்கிறேன். அவர் அவசரமில்லை என்றார். அவருக்கு அவசரமில்லை. எனக்கு வெளியே லிஃப்ட் இருந்தது. நான் படியில் இறங்கினேன்.

எதுவானாலும் தாங்குவேன் என்று எழுதியது நான்தான். அதனால் உன்மேல் கோபப்பட எனக்கு நியாயம் இல்லை. ஆனாலும் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண் ரயில் ஏறியதற்காக இல்லை. அவளை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, அவளுக்காக அழக்கூட முடிகிறது. ஐம்பத்தெட்டு வயதில் நீ உன் பாரத்தை இறக்கிவைக்க என்னிடம் இருந்த ஒரே நாளைத்தான் பார்த்தாயா?

மே மாதம் வராதே. எப்போது வரலாம் என்று எழுதுகிறேன். எப்போது என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

மனைவியும் மகளும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

இந்தக் கடிதத்தை ஆலோசகரிடம் காட்டவில்லை. முகவரியைப் படித்துப் பார்த்து நானே மூன்றாவது வரிசை நான்காவது கட்டத்தில் போடுகிறேன். இந்த முறை கை தவறவில்லை.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

கிடைத்தது.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். பாரத்தைப் பார்த்துத்தான் அங்கே வைத்தேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன்னைப்போல் உட்கார்ந்து பேச எனக்கு வியாழக்கிழமை கிடையாது.

அறை வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை பார்த்திருக்கிறேன். ஒரு ஜன்னல், கம்பி போட்டது. அதிலிருந்து பாய்லர் புகைபோக்கி தெரியும். புது முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். ஊர் அதேதான், உன் கட்டம் மாறாது.

பிள்ளை வந்துவிட்டாளா? அவள் குளியலறைக்குப் போகும்போது நீ வீட்டின் வேறு பக்கத்தில் இரு. ஆனால் அவள் எண்ணுவது கேட்டால் நீயும் வெளியிலிருந்து சேர்ந்து எண்ணு. எனக்கு அன்று அது தோன்றவில்லை.

மே மாதத்திலிருந்து எனக்கு எல்லா நாளும் ஞாயிறு. எப்போது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் உன்னிடம் ஆயிரம் என்று ஒரு பொய்யாவது சொல்லிவிட்டுப் போனேன். நீ அதுகூடச் சொல்லாமல் பூட்டிவிட்டாய்.

அக்கா